பொருளும் புகழும் இன்பமும்



பொருளும் புகழும் மனிதனுக்கு உண்மையான இன்பத்தைத் தருமா? இது மிகப் பழைய வினா. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிகளிலும் கல்லூரித் தமிழ் மன்றங்களிலும் ஆண்டுதோறும் எழுப்பப்பெறும் வினா. பெரும்பாலும் 'தாரா' என்று வாதிடுபவருக்கே வெற்றி கிடைக்கும். பொருள் வேண்டா, புகழ் வேண்டா என்று முழங்கியவர், பரிசுப் பொருளையும் அவையோரின் பாராட்டையும் பெற்றுக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்!

நானும் மாணவனாக இருந்த காலத்தில் அப்படிப் பேசிப் பரிசு பெற்றவன்தான். செல்வத்தின் சிறுமையை அரைமணி நேரம் எடுத்துரைத்துவிட்டு, கையில் ஒரு புத்தகப் பரிசுடன் அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தேன். தேர்வுக் கட்டணம் செலுத்துவதற்கு மறுநாள் கடைசி நாள். என் தாயார் தம் காதுத் தோடுகளைக் கழற்றித் தந்தையாரின் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அடகுக் கடை மூடுவதற்குள் போய் வாருங்கள் என்று அவர் மெல்லச் சொன்னது என் செவியில் விழுந்தது. அன்று நான் மேடையில் பேசிய பேச்சு முழுவதும் பொய்யாகிவிட்டதுபோல் உணர்ந்தேன். ஆயினும் அது முழுப் பொய்யும் அன்று என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்தப் பேச்சில் எது பொய், எது மெய் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

முதலில் பொய்யானதைச் சொல்லிவிடுகின்றேன். பொருளால் பயனில்லை என்று சொல்வது பொய். பசித்தவனுக்குச் சோறும், நோயுற்றவனுக்கு மருந்தும், படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஏடும் பொருள் இன்றி வாரா. இந்த உண்மையை நம் முன்னோர் மறைக்கவில்லை. திருவள்ளுவர் அறத்தைப் பாடியவர். எனினும் பொருளை ஈட்டும் முறையைக் கூறுவதற்கென்றே 'பொருள் செயல்வகை' என ஓர் அதிகாரம் வகுத்தார். வறுமையின் கொடுமையைக் கூறுவதற்கு 'நல்குரவு' என வேறோர் அதிகாரம் வகுத்தார். அவ்வளவோடு நில்லாமல், ஒருவருக்கும் பயன்படாமல் கிடக்கும் செல்வத்தைப் பற்றி 'நன்றியில் செல்வம்' என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். பொருள் வேண்டும், அது பயன்படவும் வேண்டும் என்னும் இரண்டையும் அவர் ஒரே நூலில் வைத்திருப்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. வறியவரைப் பார்த்து, 'பணத்தால் என்ன இன்பம்?' என்று கேட்பவர் பெரும்பாலும் வயிறு நிறைந்தவராகவே இருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை.

அப்படியானால் மெய்யானது எது? பொருள் துன்பத்தை நீக்கும். ஆனால் துன்பத்தை நீக்குவது வேறு; இன்பத்தை ஆக்குவது வேறு. காய்ச்சலுக்கு மருந்து உண்டால் காய்ச்சல் நீங்கும். காய்ச்சல் நீங்கிய பிறகும் அதே மருந்தை இரு மடங்காகவும் நான்கு மடங்காகவும் உண்டால் உடல் இரு மடங்கு நலம் பெற்றுவிடுமா? உடலை வளர்ப்பதற்கு உணவு வேண்டும். பொருள் மருந்து போன்றது. இன்பமோ உணவால் வருவது. மருந்தை உணவென்று மயங்குவதிலிருந்தே பல துயரங்கள் பிறக்கின்றன. இதற்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையையே சான்றாகக் காட்டுகின்றேன்.

ருசிய நாட்டு அறிஞர் டால்ஸ்டாயின் பெயரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவர் 1828-ஆம் ஆண்டில் யாஸ்னயா போல்யானா என்னும் ஊரில் பிரபுக்களின் குடியில் பிறந்தார். 'போரும் அமைதியும்' என்னும் பெருநாவலை 1869-இல் எழுதி முடித்தார். அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் 'அன்னா கரினீனா' நாவலையும் எழுதி முடித்தார். ஐம்பது வயதை அணுகியபோது அவரிடம் இல்லாதது ஒன்றும் இல்லை எனலாம். பல்லாயிரம் ஏக்கர் நிலம் இருந்தது. அன்புள்ள மனைவியும் மக்களும் இருந்தனர். உடல் வலிமை இருந்தது. ஐரோப்பிய எழுத்தாளர்களின் வரிசையில் முன்னிடமும் கிடைத்திருந்தது.

அந்த நிலையில்தான் அவர் உள்ளம் இருண்டது. இந்த நிலமெல்லாம் என்னுடையதே. அதனால் ஆவது என்ன? உலகத்துப் பெரும்புலவர் எல்லாரினும் மேலான புகழ் கிடைத்தாலும் அதற்குப் பின் என்ன? இக்கேள்விகளுக்கு அவருக்கு விடை கிடைக்கவில்லை. தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள நேருமோ என்று அஞ்சி, துப்பாக்கியோடு வேட்டைக்குச் செல்வதையே நிறுத்திவிட்டார். இவற்றை நாம் பிறர் வாய்மொழியாக அறியவில்லை. தம் உள்ளத்தைத் திறந்து காட்டி அவரே எழுதிய 'ஒப்புதல்' என்னும் நூலில் கூறியுள்ளார். ருசிய அரசின் தணிக்கையாளர் அந்நூலைத் தடுத்தமையால், அது 1884-இல் ஜெனீவா நகரில் அச்சாயிற்று.

டால்ஸ்டாய் தம் துயரத்திலிருந்து மீண்டது எவ்வாறு? தம்மைச் சுற்றியிருந்த உழவர்களை அவர் உற்று நோக்கினார். அவர்கள் வறியவர்கள், அல்லல் மிகுந்தவர்கள். ஆயினும் உழைத்து, நம்பி, ஒருவருக்கொருவர் உதவி, வாழ்க்கையைப் பொருளுடையதாகக் கண்டார்கள். வாழ்வின் பொருள் என்ன என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லால் விடை கூறவில்லை, வாழ்ந்து காட்டினார்கள். 1891-இல் ருசியாவில் கொடிய பஞ்சம் தோன்றியது. அறுபது வயதைக் கடந்திருந்த டால்ஸ்டாய், தம் பெண்மக்களோடு ரியாசான் மாநிலத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, பசித்தவர்களுக்கு உணவிடும் சாலைகளை நூற்றுக்கு மேற்பட்டனவாக அமைத்தார். 1881-க்குப் பின் தாம் எழுதிய நூல்களின் உரிமையை எல்லார்க்கும் பொதுவாக விட்டதும் அதே 1891-இல்தான். முன்பு அவரை வருத்திய புகழே இப்போது ஒரு கருவியாயிற்று. அவர் பெயரைக் கேட்டுப் பல நாட்டினரும் பணம் அனுப்பினர். அந்தப் பணம் சோறாக மாறியது.

இங்கு ஒன்றை மறைத்தல் கூடாது. டால்ஸ்டாயின் இறுதிக் காலம் அமைதியாக முடியவில்லை. சொத்தையும் நூலுரிமையையும் துறந்துவிட அவர் விரும்பினார். பல மக்களைப் பெற்று வளர்த்த அவர் மனைவியார் குடும்பத்தின் நலனைக் கருதினார். அந்த அம்மையாரையும் நாம் குறை கூற இயலாது. பூசல் முற்றியது. 1910-ஆம் ஆண்டின் குளிர்கால இரவொன்றில், எண்பத்திரண்டு வயது முதியவர் வீட்டைவிட்டு வெளியேறினார். சில நாட்களில் அஸ்தாபோவோ என்னும் சிறு ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். பொருளைச் சேர்ப்பது கடினம் என்பர். சேர்த்த பொருளைக் குடும்பத்தின் அன்பு குலையாமல் விடுவது அதனினும் கடினம் என்பதை அவர் முடிவு காட்டுகிறது.

ஆனால் அவர் பெயர் அந்த நிலையத்தோடு நின்றுவிடவில்லை. அதே 1910-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள், தம் நண்பர் காலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் 'டால்ஸ்டாய் பண்ணை'யை அமைத்தார். அறப்போரில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களுள் தமிழர் பலர். உடையவருக்கு அமைதி தராத பெயர், கடல் கடந்த ஏழைகளுக்கு நிழல் தந்தது.

இது ஒரு தனிமனிதரின் வரலாறு. ஒருவரை வைத்து எல்லாரையும் அளக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அண்மைக்கால உளநூலார் பலரை வைத்தும் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

1978-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பரிசுச்சீட்டில் பெருந்தொகை பெற்ற இருபத்திரண்டு பேரையும், அவர்கள் வாழ்ந்த பகுதியிலேயே பரிசு பெறாமல் வாழ்ந்த இருபத்திரண்டு பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியுடையவர்களாக இல்லை. அதனினும் வியப்பு, நண்பரோடு உரையாடுவது, காலை உணவு உண்பது போன்ற அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தனர். புது வீடு சில மாதங்களில் வெறும் வீடு ஆகிவிடுகிறது; புதிய வண்டி சில வாரங்களில் வெறும் வண்டி ஆகிவிடுகிறது. கண் இருளுக்குப் பழகுவதுபோல மனம் செல்வத்திற்கும் பழகிவிடுகிறது.

இருபத்திரண்டு பேரைக் கொண்டு உலகை அளந்துவிட முடியாதுதான். ஆகவே பெரிய ஆய்வுகளையும் பார்ப்போம். நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், பின்னர் அப்பரிசைப் பெற்ற ஆங்கஸ் டீட்டன் ஆகிய இருவரும் அமெரிக்கர் அளித்த நாலரை லட்சத்திற்கு மேற்பட்ட மறுமொழிகளை ஆராய்ந்து 2010-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஆண்டு வருவாய் 75,000 டாலர் அளவை எட்டும் வரையில் மக்களின் அன்றாட மகிழ்ச்சி உயர்கிறது. அதற்கு மேல் உயர்வதில்லை என்றனர். 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் என்னும் ஆய்வாளர் இதை மறுத்தார். அதற்கு மேலும் மகிழ்ச்சி உயர்கிறது என்று காட்டினார். இவ்விடத்தில் கானமன் செய்தது மாணவர்களாகிய நீங்கள் மனத்தில் கொள்ளத்தக்கது. அவர் மறுத்தவரோடு பூசலிடவில்லை. அவரோடு சேர்ந்தே மீண்டும் ஆராய்ந்தார். 2023-இல் இருவரும் பார்பரா மெல்லர்ஸ் என்னும் அம்மையாரும் சேர்ந்து புதிய முடிவை வெளியிட்டனர்.

அந்த முடிவு இதுதான்: பெரும்பாலோர்க்கு வருவாய் உயர உயர மகிழ்ச்சியும் உயர்கிறது. ஆகவே பொருளால் ஒன்றும் இல்லை என்னும் பழைய மேடைப் பேச்சு தோற்றுவிடுகிறது. ஆனால் அந்த உயர்வு எத்தகையது? மாதம் பத்தாயிரம் ரூபாய் பெறுபவன் ஒரு படி ஏற வேண்டுமானால் மேலும் பத்தாயிரம் போதும். ஒரு லட்சம் பெறுபவன் அதே ஒரு படி ஏறுவதற்கு மேலும் ஒரு லட்சம் வேண்டும். படியின் உயரம் ஒன்றே. அதற்குக் கொடுக்கும் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. மேலும், மிகவும் துயருற்றிருக்கும் சிறுபான்மையோர்க்கு, ஓர் அளவுக்கு மேல் வருவாய் கூடினாலும் துயரம் குறைவதில்லை. அன்புடையாரை இழந்த துயரமும் உள்ளத்து நோயும் பணத்திற்குக் கட்டுப்படுவதில்லை. பசியால் வந்த துன்பத்தைப் பொருள் நீக்கும். பிரிவால் வந்த துன்பத்தை அதனால் நீக்க இயலாது.

இனிப் புகழைப் பற்றிச் சில சொற்கள். பொருளாவது நம் பெட்டியில் இருக்கும். புகழோ பிறர் நாவில் இருப்பது. நம் நாட்டு இசையுலகிலிருந்தே இதற்கு ஒரு சான்று தருகின்றேன். எம். கே. தியாகராஜ பாகவதரின் பெயர் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலெல்லாம் ஒலித்தது. 1944-இல் வெளிவந்த அவருடைய 'ஹரிதாஸ்' திரைப்படம் சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்த ஆண்டின் இறுதியிலேயே அவர் ஒரு கொலை வழக்கில் கைதானார், 1945-இல் தண்டிக்கப்பட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கில் 1947-இல் குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார். வெளியே வந்து மீண்டும் நடித்தார். ஆனால் அப்படங்கள் பழைய வெற்றியைப் பெறவில்லை. 1959-இல், ஐம்பது வயதளவில் காலமானார்.

சிறைக்கு முன்பும் பின்பும் பாடியவர் ஒருவரே. பாடலை அவர் தம் உழைப்பால் பெற்றார். ஆகவே அது அவரிடமே நின்றது. புகழை மக்கள் தந்தார்கள்; ஆகவே அது மக்களோடு சென்றது. இசையில் இன்பம் காண்பவனுக்கு அவை நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் பாடுவதற்கு ஒரு காரணம் இருக்கும். கைதட்டலில் மட்டும் இன்பம் காண்பவனுக்கோ, கைகள் ஓய்ந்த அன்றே இசையும் ஓய்ந்துவிடும். தேர்வில் முதலிடம் பெறுவதற்காக மட்டும் படிக்கும் மாணவனுக்கும் இது பொருந்தும். முதலிடம் ஒருவனுக்கே உரியது; கல்வியோ எத்தனை பேருக்கும் உரியது.

அப்படியானால் இன்பத்திற்கு உணவு எது? 1938-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓர் ஆய்வு எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அக்கல்லூரி மாணவர் 268 பேரையும், பாஸ்டன் நகரத்து ஏழைத் தெருக்களில் வளர்ந்த சிறுவர் 456 பேரையும் இளமை முதல் முதுமை வரை தொடர்ந்து கவனித்தனர். சிலர் செல்வரானார்கள்; சிலர் வறியவராகவே இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் குடியரசுத் தலைவராகவும் ஆனார். அவர் ஜான் கென்னடி. இத்தனை வாழ்க்கைகளையும் பார்த்த ஆய்வாளர் கண்ட தலையாய உண்மை எளியது: மனைவி மக்களோடும் நண்பரோடும் அன்பான உறவு கொண்டு வாழ்ந்தவர்களே முதுமையில் மகிழ்ச்சியாகவும் உடல்நலத்தோடும் இருந்தனர். செல்வமும் புகழும் அந்த உறவுக்கு ஈடாகவில்லை.

பணமும் அன்பும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணிவிட வேண்டா. 2008-இல் கனடா நாட்டில் ஒரு சிறு சோதனை செய்தார்கள். காலையில் சிலருக்கு ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்தார்கள். சிலரை அப்பணத்தைத் தமக்கே செலவிடச் சொன்னார்கள். சிலரைப் பிறருக்குச் செலவிடச் சொன்னார்கள். மாலையில் விசாரித்தபோது, பிறருக்குச் செலவிட்டவர்களே மிகுந்த மகிழ்ச்சியுடன் இருந்தனர். தொகை ஐந்தா இருபதா என்பதால் வேறுபாடு தோன்றவில்லை. பஞ்ச காலத்தில் டால்ஸ்டாய் அமைத்த உணவுச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். எண்ணிக்கையால் இன்பம் தராத பொருள், கைமாறும்போது இன்பம் தருகிறது.

நண்பர்களே, நீங்கள் இப்போது வாழ்க்கையின் வாயிலில் நிற்கிறீர்கள். எந்தப் படிப்பைப் படிப்பது, எந்தத் தொழிலைத் தேர்வது என்று எண்ணுகிறீர்கள். பொருளை இகழாதீர்கள். நேர்மையான வழியில் ஈட்டுங்கள். உங்களைப் படிக்க வைப்பதற்காக வீட்டில் எவரேனும் எதையேனும் இழந்திருந்தால், அதை ஈடுசெய்யும் அளவுக்கேனும் ஈட்டுவது உங்கள் கடமை. ஆனால் தொழிலைத் தேரும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எவரும் பாராட்டாவிட்டாலும் இந்த வேலையை நான் விரும்பிச் செய்வேனா? இதில் ஈட்டும் பொருளைப் பகிர்ந்துகொள்ள என் அருகில் எவரேனும் இருப்பார்களா, அவர்களோடு இருக்க எனக்கு நேரம் மிஞ்சுமா? இவ்விரண்டிற்கும் ஆம் என்னும் விடை வருமானால், பொருள் சிறிது குறைந்தாலும் கவலை இல்லை. இல்லை என்னும் விடை வருமானால், பொருள் எவ்வளவு வந்தாலும் மீண்டும் எண்ணிப் பாருங்கள்.

என் தாயாரின் தோடுகளைச் சொன்னேன் அல்லவா? நான் வேலைக்குச் சென்ற முதல் ஆண்டில் அவற்றை மீட்க முயன்றேன். அடகு முழுகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. ஆகவே வேறு ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன். அவற்றைக் காதில் அணிந்துகொண்டு, 'படித்து முடித்துவிட்டாயே, அதுதான் எனக்குத் தோடு' என்றார் அவர். அதற்குப் பின் எனக்கென்று எத்தனையோ பொருள்களை வாங்கியிருக்கிறேன். அவற்றுள் பல எங்கே கிடக்கின்றன என்பதுகூட நினைவில்லை. அந்தத் தோடுகளின் விலை மட்டும் இன்றும் நினைவிருக்கிறது. அவற்றை அணிந்த அன்று என் தாயாரின் முகம் இருந்த நிலையும் நினைவிருக்கிறது.